நிலம் யார் பேரில் இருக்கிறது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி யார் என்று கேட்டால் நம்மில் பலர் மூச்சு விடாமல் ஒரு பட்டியல் சொல்வோம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்த முதல் பெண், சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், அதன் முதல் பெண் துணைத் தலைவர். குரூப் தேர்வுக்குப் படித்த காலத்தில் நானும் இப்படித்தான் உருப்போட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகுதான் அவர் எழுதியதையும் அவரைப் பற்றி எழுதப்பட்டதையும் தேடித் தேடிப் படிக்கிறேன். தன் சட்டமன்ற அனுபவங்களை அவரே 1930-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். படிக்கப் படிக்க என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1929-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் ஒன்று. மானிய நிலம் பற்றியது.

நான் வருவாய்த்துறையில் வேலை பார்த்தவள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். என் வேலைக்காலம் முழுக்கப் பட்டா, சிட்டா, அ பதிவேடு, இந்த நில ஆவணங்களோடுதான் போனது. அதனால் மற்றவர்கள் அந்தத் திருத்தத்தை வேகமாகப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு அப்படிப் போக முடியவில்லை.

கோயிலில் ஊழியம் செய்பவர்களுக்குக் கோயில் நிலத்தை அனுபவிக்கும் உரிமை கொடுப்பது பழைய வழக்கம். அதுதான் மானிய நிலம். மேளக்காரருக்கு உண்டு, பூக்கட்டுபவருக்கு உண்டு. தேவதாசிகளுக்கும் உண்டு. ஊழியம் நடக்கும்வரை நிலம் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும். ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். அப்படியானால் ஒரு தாய் தன் காலத்துக்குப் பிறகும் நிலம் வீட்டில் நிற்க வேண்டுமென்றால் என்ன செய்வாள்? மகளுக்குப் பொட்டுக் கட்டுவாள், அதாவது அவளையும் கோயிலுக்குத் தேவதாசியாக்கிவிடுவாள். மகள் இல்லாவிட்டால் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்துப் பொட்டுக் கட்டுவாள். ஆவண அறையில் பழைய இனாம் பதிவேடுகளை, அதாவது மானிய நிலப் பதிவேடுகளை, புரட்டியிருக்கிறேன். அதில் சர்வே எண், விஸ்தீரணம், என்ன ஊழியத்துக்காகக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அந்த ஊழியக் கட்டத்தில் எழுதியிருக்கும் ஒரு வார்த்தைதான் அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் பெண்ணின் தலையெழுத்து.

முத்துலட்சுமி ரெட்டி இதைக் கண்டுகொண்டார். 1927 நவம்பரில் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானத்தோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல பேச்சாக நின்றிருக்கும். அவர் நேராக நிலத்துக்குப் போனார். 1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் வந்த அந்தத் திருத்தம், தேவதாசி மானியங்களிலிருந்து ஊழியம் என்ற நிபந்தனையைக் கழற்றியது. ஊழியத்துக்குப் பதிலாக நிலத்தின் மேல் ஒரு தொகை விதித்துவிட்டு, நிலத்தை அந்தப் பெண்ணிடமே விட்டது. இனி ஒருத்தி தன் மகளுக்குப் பொட்டுக் கட்டாமல் பள்ளிக்கூடம் அனுப்பினாலும் வயல் பறிபோகாது.

எனக்குத் தெரிந்து அவர் செய்த காரியங்களிலேயே நுட்பமானது இதுதான். "பாவம், கேவலம், ஒழித்துவிடு" என்று மேடையில் பேசுவதற்கு அன்றைக்கு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒழித்துவிட்டு அந்தப் பெண் எதை வைத்துச் சாப்பிடுவாள் என்று யோசித்து, அதற்கு ஒரு பிரிவு எழுதி, அதைச் சபையில் நிறைவேற்ற வைத்தவர் இவர். சட்டத்தின் வாசகம் வறட்டு வாசகம்தான். அதற்குள் ஒரு தாயின் கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்திலிருந்து வந்தவர். மகள் கல்லூரிக்கு மனுப் போட்டபோது ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் பட்டம். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்துகொள்ளச் சம்மதிக்கும்போதே, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்திருக்கிறார். அந்த வருஷத்தில் எத்தனை பெண்களுக்கு அப்படிக் கேட்கும் தைரியம் இருந்திருக்கும்!

சட்டமன்ற நியமனம் வந்தபோது மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்று தயங்கியவர்தான், உள்ளே போனபின் சளைக்கவில்லை. காந்தி கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் தூக்கிப் போட்டார். பொட்டுக் கட்டுவதையே சட்டவிரோதமாக்கும் மசோதா அப்போது பாதியில் நின்றது. அது சட்டமாக 1947 ஆயிற்று. நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. பொட்டுக் கட்ட மறுத்து வீட்டைவிட்டு வந்த மூன்று பெண்கள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் அப்படித் தொடங்கியதுதான். புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்துவிட்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பியது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அவரைப் படிக்கும்போதே மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரையும் படிக்க வேண்டும். ஒருவர் சபைக்குள் செய்ததை இன்னொருவர் தெருவில் செய்தார். ராமாமிர்தம் அம்மையார் பிறந்தது 1883. வறுமை தாங்காமல் பெற்ற தாயே அவரைப் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசி வீட்டில் கொடுத்துவிட்டார். இதை அவரே எழுதியிருக்கிறார். பத்து ரூபாய் என்று படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தப் பழைய புடவையை என்னால் தாண்ட முடியவில்லை. புதுப் புடவைகூடக் கேட்க வாயில்லாத நிலையில் இருந்திருக்கிறாள் அந்தத் தாய்.

ஆட்டமும் பாட்டும் கற்று வளர்ந்த பெண், கிழவர் ஒருவருக்குக் கட்டிவைக்க ஏற்பாடு நடந்தபோது முடியாது என்றார். தனக்கு இசை சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே மணந்தார். பிறகு தஞ்சை மாவட்டத்து ஊர்களில் வீடு வீடாகப் போய், பொட்டுக் கட்டாதீர்கள் என்று பேசினார். காங்கிரஸில் இருந்தார், சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார். 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதே வருஷம் சிறைக்கும் போனார். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இன்று அவர் பேரில்தான் நடக்கிறது. வங்கிக் கணக்குக்குப் பணம் வந்ததும் குறுஞ்செய்தியைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பழைய புடவையைப் பற்றி ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் சிக்கல் இல்லை. சிக்கல், தேவதாசிக் குலத்தில் பிறந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளிடம் தொடங்குகிறது.

என் அண்ணன் மகள் வாய்ப்பாட்டுக் கற்றவள், நாலு பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறாள். நான் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவள்தான் கேட்டாள்: "அத்தை, நாகரத்தினம்மா எதிர்த்து மனுக் கொடுத்தாங்களே, அது தப்பா?"

கொடுத்தார்தான். சென்னை மாகாணத்துத் தேவதாசிகள் சங்கம் அரசுக்கு அனுப்பிய எதிர்ப்புக்கு முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். எங்கள் குலத்தில் ஒரு சிலர் தடம் மாறியதற்காக எல்லோரையும் விலைமாதர் என்று சொல்லாதீர்கள். எங்களுக்குக் கலையும் கல்வியும் உண்டு, சொத்துரிமை உண்டு. தப்புச் செய்பவரைத் தண்டியுங்கள், எங்களுக்குப் படிப்பைக் கொடுங்கள். மனுவின் சாரம் இதுதான்.

அவர் சும்மா வாய்ப்பேச்சுக்காரர் இல்லை. முத்துப்பழனி என்ற தேவதாசி தெலுங்கில் எழுதிய காவியத்தை, பெண் எழுதியது என்பதற்காக மறைத்தவர்களும் வெட்டியவர்களும் இருக்க, 1910-இல் முழுசாகப் பதிப்பித்தார். ஆங்கில அரசு ஆபாசம் என்று தடை போட்டது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடந்தபோது தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். எழுப்பியவருக்கே அங்கே ஆராதனையில் பாட இடமில்லை என்றார்கள், பெண் என்பதால். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்கள் இரண்டாகப் பிரிந்து நடத்திய விழாவில், இவர் பெண்கள் கட்சி என்று மூன்றாவதைத் தொடங்கிப் பெண்களைக் கூட்டிவந்து பாடவைத்தார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றானபோது பெண்களும் எல்லோரோடும் உட்கார்ந்து பாடும் நிலை வந்தது. இன்றைக்குத் தை மாதம் தொலைக்காட்சியில் பஞ்சரத்ன கீர்த்தனை கேட்கும்போது பெண் குரல்கள் அத்தனை சேர்ந்து வருகின்றனவே, அதற்குக் காரணமானவர் பெண்ணுரிமைக்காரர் இல்லாமல் வேறு யார்?

அவரால் கோயில் எழுப்ப முடிந்தது ஏன் என்று யோசித்தேன். கையில் பணம் இருந்தது. அதைச் செலவு செய்ய எந்த ஆணின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. அந்தக் காலத்து இந்து சட்டத்தில் தேவதாசி சொத்து வைத்துக்கொள்ளலாம், பெண்ணைத் தத்தெடுக்கலாம், தாய் சொத்து மகளுக்குப் போகும். நாலு பேர் அறிய மணமேடை ஏறிய மனைவிக்குச் சீதனத்தைத் தவிர அப்படி ஒன்றும் கிடையாது. 1937-இல் வந்த சட்டம்கூட விதவைக்கு ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை மட்டும்தான் கொடுத்தது. "ஆயுள்பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது, கிரயம் செய்யப் பாத்தியமில்லை" என்ற வரியைப் பழைய பத்திரங்களில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அது முழு உரிமையாக மாறியது 1956 வாரிசுரிமைச் சட்டத்தில்.

ஆகவே நாகரத்தினம்மாள் இழக்கப் பயந்தது வெறும் பழக்கத்தை இல்லை. மற்றப் பெண்களுக்கு இல்லாத ஒன்று அவர்கள் குலத்துக்கு இருந்தது. அது போய்விடும் என்று பயந்தார். கலையைப் பொறுத்தவரை அந்தப் பயம் பலித்தது. கோயிலில் ஆடியவர்கள் மேடையிலிருந்து இறங்க, வேறு வீட்டுப் பெண்கள் மேடை ஏறினார்கள். முத்துலட்சுமி ரெட்டியின் 1929 திருத்தம் நிலத்தைக் காப்பாற்றியது. ஆட்டத்தைக் காப்பாற்ற அப்படி ஒரு பிரிவை யாரும் எழுதவில்லை.

அண்ணன் மகளுக்கு நான் சொன்ன பதில் இது. நாகரத்தினம்மாள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் முத்துலட்சுமி ரெட்டி பக்கம்தான். ஏனென்றால் பொட்டுக் கட்டும்போது அந்தப் பெண் குழந்தை; அவளிடம் யாரும் கேட்பதில்லை. பெரியவர்கள் தங்கள் உரிமைக்காகப் பேசலாம், மனுக் கொடுக்கலாம். அந்தக் குழந்தைக்கு மனு எழுத ஒருவர் வேண்டும். பத்து ரூபாய்க்குப் போன ராமாமிர்தத்தின் பக்கம் யார் நின்றார்கள்? அண்ணன் மகள் ஒத்துக்கொண்டாளா என்றால், பாதி ஒத்துக்கொண்டாள். மீதிப் பாதியை அவள் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாடுகிறவள் நாகரத்தினம்மாளுக்காக வாதாடத்தான் வேண்டும்.

இந்த மூன்று பேரையும் சேர்த்துப் படித்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. பெண்ணுரிமை வரலாற்றில் ஓட்டு, பள்ளிக்கூடம், பதவி எல்லாவற்றுக்கும் அடியில் சொத்து உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவிலேயே முதலில், 1921-இல், பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த மாகாணம் நம்முடையது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஓட்டுக்கும் சொத்துத் தகுதி உண்டு. நிலவரியோ வீட்டுவரியோ தன் பேரில் கட்டுகிற பெண்கள் ஊருக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கதவைத் திறந்துவிட்டு வாசற்படியை ஆளுயரத்துக்குக் கட்டியது போலத்தான் அது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதை இந்த வெளிச்சத்தில் படித்தால்தான் அதன் கனம் தெரிகிறது. மானியத் திருத்தம் வந்ததும் அதே வருஷம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். இடையில் அறுபது வருஷம்.

1989-க்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது நான் வட்ட அலுவலகத்தில் பட்டா மாறுதல் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அண்ணன், இரண்டு தங்கைகளோடு வந்தார். அப்பா இறந்துபோய்விட்டார். பூர்வீக நஞ்சை. மூத்த தங்கைக்குக் கல்யாணம் ஆனது 1988-இல், இளையவளுக்கு 1990-இல். அந்தச் சட்டம் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான மகள்களுக்கு அந்தச் சமபங்கைக் கொடுக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே வயலில் நாற்று நட்டவர்கள்; கல்யாணத் தேதி வித்தியாசத்தில் ஒருத்திக்குப் பூர்வீகத்தில் அண்ணனோடு சமபங்கு, இன்னொருத்திக்கு இல்லை.

அண்ணன் கையில், இளையவள் தன் பங்கை அவருக்கு விட்டு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் இருந்தது. பதிவாகிவிட்டது. நான் படித்துப் பார்த்துவிட்டு, "உங்க பங்கு என்னன்னு தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்குச் சட்டப்படி வேலை இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவள் அண்ணனைப் பார்த்தாள். "நாளைக்கு ஒண்ணுன்னா அண்ணன்தானேங்க வரணும்" என்றாள். மூத்தவள் அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் தங்கையிடம் சொன்னாள்: "எனக்குச் சமமா கிடையாதுன்னு சட்டம் சொல்லுது. உனக்கு உண்டுன்னு சொல்லுது. உண்டுன்னு சொன்னவ நீ ஏண்டி எழுதிக் குடுத்தே?"

அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கைகளுக்குச் சீர் செய்தவர், பிரசவம் பார்த்தவர். அந்தச் சீரும் பிரசவமும்தான் பங்கு என்று மூன்று பேருமே நம்பி வளர்ந்திருந்தார்கள். மானிய நிலத்தைப் போலவே இந்த நிலத்திலும் எழுதாத ஒரு நிபந்தனை இருந்தது: பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டுமென்றால் பங்கு கேட்காதே. 1929-இல் ஒரு நிபந்தனையைச் சட்டத்தால் கழற்ற முடிந்தது, பதிவேட்டில் அது எழுதியிருந்ததால். இதை எந்தப் பதிவேட்டில் தேடிக் கழற்றுவது?

2005-இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்து, கல்யாணம் ஆனது எப்போது என்ற கேள்வியை எடுத்துப்போட்டது. மகள் பிறப்பாலேயே பங்குதாரர், 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி முடிந்துபோன பாகப்பிரிவினைகளையும் கைமாற்றங்களையும் அந்தத் திருத்தம் தொடவில்லை. அந்த இரண்டு சகோதரிகளின் வயல் தொண்ணூறுகளிலேயே கைமாறிவிட்டது.

என் அண்ணன் காலமாகி வாரிசுச் சான்றிதழ் வந்ததும், அண்ணன் மகன் பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற மனு எழுதித் தரும்படி என்னிடம்தான் வந்தான். எழுதிக் கொடுத்தேன், கூட்டுப் பட்டாவாக, அவன் பெயர், அம்மா பெயர், தங்கை பெயர் மூன்றையும் போட்டு. படித்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டான். தங்கைதான், "அத்தை, இதெல்லாம் வேணுமா, அண்ணன் மனசு கஷ்டப்படும்" என்று இழுத்தாள். முத்துலட்சுமி ரெட்டியின் 1929 திருத்தத்தைப் பற்றி நான் எடுத்து வைத்திருந்த குறிப்புகளை அவள் கையில் கொடுத்து, முதலில் இதைப் படி, நாகரத்தினம்மாளுக்குக் கோயில் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசி, அப்புறம் பேசலாம் என்றேன். படித்துவிட்டு மறுநாளே கையெழுத்துப் போட்டாள். மனு இப்போது கிராம நிர்வாக அலுவலர் விசாரணையில் இருக்கிறது.